அரை மில்லிமீட்டர்

ஜூன் 4

என் நத்தைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் பழுப்புக் கிட்டாரும் ஒரே வயதுக்காரிகளைப் போல மெதுவாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ, உன் டீச்சரம்மா, உன் பட்டறை அரங்கள் எல்லோரும் சுகம்தானே? போனில் கேட்டிருக்கலாம். மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடும் என்றுதானே பன்னிரண்டு வருடமாகக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

வழக்கம்போல, கிட்டார்ப் பெட்டியில் தந்தி வைக்கும் பைக்குள் இதைச் செருகி அனுப்புகிறேன். நீயும் வழக்கம்போல முதலில் கிட்டாரைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் இதைப் படிப்பாய். கழுத்தின் குறுக்கே ஏழு வருடத்துக்கு முன் நீ பதித்த ஃப்ரெட் கம்பிகளில் தந்திகள் பள்ளம் பறித்துவிட்டன. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடு. இந்த முறை உயரமான கம்பி வேண்டும். இருப்பதிலேயே உயரம், ஒன்றரை மில்லிமீட்டர். நாற்காலியிலிருந்து விழுந்துவிடாதே.

ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். ஏரியைப் பார்த்த கண்ணாடிக் கூடத்தில் நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை ஐந்து பேர் வாசிக்கிறோம் அல்லவா, நான்கு பேர் போதும் என்கிறார். ஆகஸ்ட் இருபதாம் தேதி உட்கார்ந்து கேட்டு முடிவு சொல்வாராம். பதினாறு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலி, தம்பி. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை. ஆகவே கேள்வி கேட்காமல் செய்து கொடு.

நேற்று ஒரு கனவு. நம் பழைய வீட்டுக்குப் பின்னால் போகும் தண்டவாளம். நீயும் நானும் அதன் மேல் நடக்கிறோம், தரையைத் தொட்டவர் தோற்றவர். கீழே ஜல்லிக்கு பதிலாக ஏரித் தண்ணீர். நான் விழவே இல்லை. எழுந்தபோது கால் இலேசாக இருந்தது.

உன் அக்கா


ஜூன் 15

சுத்தியல் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். டீச்சரம்மா விடைத்தாள் திருத்துகிறாள். நான் மூச்சு விடுவதுகூட அவளுக்கு இரைச்சலாக இருக்கிறது. கீழே செருப்புக் கடைக்காரர் புதுத் தோல் இறக்கியதால் என் பட்டறை முழுக்க அதே வாசனை. உன் கிட்டார் பத்திரமாக வந்தது.

நாற்காலியிலிருந்து விழவில்லை, பட்டறை முக்காலியிலிருந்து விழுந்தேன். உனக்கா உயரக் கம்பி? பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆசையோடு, உன்னைக் கேட்காமல், உயரக் கம்பி போட்டுக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் கை சுத்தியல். நீ அழுத்திய அழுத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் சுருதி ஏறி, நிரம்பிய கூடத்தில் நீ பாதியில் எழுந்து போனாய். அப்புறம் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. “எனக்கு விரலுக்கு அடியில மரம் தெரியணும்டா. மரம் தெரியலைன்னா நான் எங்க இருக்கேன்னே தெரியல” என்றாய். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து உனக்குத் தாழ்ந்த கம்பிதான்.

உயரக் கம்பி என்பது பூவைத் தொடுவதுபோலத் தொடுகிறவர்களுக்கு. விரல் தந்தியைக் கம்பி மேல் சாய்த்தால் போதும், பலகை வரை போக வேண்டியதில்லை. கொஞ்ச பலத்தில் நிறையச் சத்தம். உனக்குத்தான் பலம் கொட்டிக் கிடக்கிறதே. நடுவாந்தரமாக, ஒரு மில்லிமீட்டர் போடட்டுமா?

இன்னொன்று. ஏழாம் கம்பிக்கு அப்பால், சின்ன விரல் போய் விழும் பக்கம், புதுத் தேய்மானமே இல்லை. போன நவம்பரில் நான் போட்ட மெருகு அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் போவதே இல்லையா? சோம்பேறியாகிவிட்டாயா?

நத்தை


ஜூன் 24

நத்தைக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

நடுவாந்தரம் வேண்டாம். கேட்டதைப் போடு. பன்னிரண்டு வருடத்தில் மனுஷி மாற மாட்டாளா?

இரவல் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறேன். இங்கே ஐந்து மணிக்கே மூடுபனி ஏரியிலிருந்து எழுந்து கண்ணாடி வரை வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் மெல்லப் பேசுகிறார்கள். சில நாள் நான் வாசிக்கிறேனா, வாசிப்பதாக நினைக்கிறேனா என்றே தெரிவதில்லை. தையற்காரியிடம் இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தேன், தலைவழியாகப் போட்டுக்கொள்கிற மாதிரி, பொத்தான் இல்லாமல். சௌகரியமாக இருக்கிறது.

டீச்சரம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

இத்தனை சின்னக் கடிதம் நீ எழுதிப் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே எல்லோரும் வழக்கம்போல.

வேலை முடிந்தது. பழைய கம்பிகளைச் சூடுகாட்டி ஒவ்வொன்றாக உருவினேன். பலகையில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை, நீ பெருமைப்படலாம். புதுக் கம்பியை வளைத்து, அளந்து, தட்டிப் பதித்தேன். பிறகு அரம். இந்த முறை அரத்துக்குக் கொஞ்சம் வேலை அதிகம். மூன்று நாள் என் மூக்கில் உலோகத் தூள். “கொல்லன் பெண்டாட்டின்னு சொல்லிக்கலாம் போல” என்றாள் டீச்சரம்மா.

நீ கேட்டபடியே செய்திருக்கிறேன். கேள்வி கேட்காமல் வாசி.

நத்தை


ஜூலை 30

தம்பிக்கு,

கிட்டார் வந்து பத்து நாள் ஆகிறது. இந்தப் பக்கம் யாருக்கும் குறை இல்லை. அங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கை வைத்தவுடன் தெரிந்தது, பழசைவிட உயரம்தான். ஓரங்கள் வெண்ணெய் மாதிரி இருக்கின்றன. உன் கைவேலையில் குற்றம் சொல்ல எவனும் பிறக்கவில்லை. எங்கள் பியானோக்காரர் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதினாயே, சாய்த்தால் போதும், பலகை வரை போக வேண்டியதில்லை என்று. எனக்குப் பலகை இன்னும் தட்டுப்படுகிறது. அழுத்தத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் வாசித்தால் கை கனக்கிறது. இருப்பதிலேயே உயரம் இதுதானா? இதற்கு மேல் இல்லையா? உண்மையைச் சொல். இருபதாம் தேதிக்கு முன் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தண்டவாளக் கனவு மறுபடி வந்தது. இந்த முறை பாதம் நனைந்துவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 8

சுத்தியல் அக்காவுக்கு,

நலம், நலமே தொடர்க. டீச்சரம்மாவுக்கு விடுமுறை. அதனால் எனக்குத்தான் வேலை.

ஆமாம், இதுதான் உயர்ந்தது. இதற்கு மேல் கம்பி கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கம்பியைச் சொல்லி என்ன பயன், கையைச் சொல். உன் கைக்கு ஏணி வைத்துக் கட்டினாலும் மரத்தைத் தேடிப் போகும். கொஞ்சம் இலேசாகப் பிடித்துப் பழகு, எல்லாம் சரியாகும். மேனேஜர் மயங்கி விழட்டும். இருபதாம் தேதி முடிந்ததும் எழுது.

நத்தை


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நீ சொன்னது சரி. கையைத்தான் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொன்னதற்கு நன்றி. எனக்கு ஒரு குழப்பம் தீர்ந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்தனவா? இருபதாம் தேதி போய் ஒரு மாதம் ஆகிறது. தேர்வில் தோற்ற பிள்ளைகூட வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும், நீ ஒரு வரி எழுதக் கூடாதா? விளையாட்டுக்குச் சொன்ன பழமொழிக்கா இத்தனை கோபம்? டீச்சரம்மா தினமும் கேட்கிறாள். நேற்று, “உங்க அக்கா கடைசிக் கடுதாசில நன்றின்னு எழுதியிருக்காங்க. அவங்க உங்களுக்கு எப்ப நன்றி சொல்லியிருக்காங்க?” என்றாள். அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

நத்தை


அக்டோபர் 9

என் நத்தைக்கு,

மூன்றும் கிடைத்தன. கோபம் இல்லை. எழுதவந்தால் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும், அதனால் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். பதறாமல் படி.

மேனேஜர் என்னைக் கேட்கவே இல்லை. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி நானே போய், என் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பியானோக்காரர் அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன குளிர்காலத்திலிருந்து என் இடது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் என் பேச்சைக் கேட்பதில்லை. முதலில் மரத்துப்போயின, பிறகு பலம் போயிற்று. நீ மெருகு அப்படியே இருக்கிறது என்று எழுதியபோது எனக்குத் திக்கென்றது. கண்டுபிடித்துவிட்டான் என்றே நினைத்தேன். நீ சோம்பேறி என்றாய். நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவுக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது. ஆறு வருடம் தினமும் காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவன் நீ. நான் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு ஆளுக்கும் நீ பொத்தான் போட வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டேன்.

உயரக் கம்பி கேட்டது அதனால்தான். கொஞ்ச பலத்தில் நிறையச் சத்தம் என்பது எனக்கும் தெரியும். எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். இருப்பதிலேயே உயரமான கம்பியில் முடிந்தால் வாசிப்பது, அதிலும் முடியாவிட்டால் கை போய்விட்டது என்று எழுந்துவிடுவது. அதிலும் முடியவில்லை. இதற்கு மேல் கம்பி இல்லை என்று நீயும் எழுதினாய். எழுந்துவிட்டேன்.

செப்டம்பரில்தான் டாக்டரிடம் போனேன். “உங்க அப்பாவுக்கு வந்தது வேற, இது வேற. முழங்கைல நரம்பு நசுங்கியிருக்கு. இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம். எவ்வளவு திரும்பி வரும்னு மட்டும் இப்ப சொல்ல முடியாது” என்றார். முதல் பாதியைக் கேட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து சிரித்தேன். இரண்டாம் பாதி வீட்டுக்கு வந்த பிறகுதான் காதில் விழுந்தது.

ஹோட்டலில் எனக்குச் சாவிக் கவுண்டரில் வேலை கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பது, போகிறவர்களிடம் வாங்கி மாட்டுவது. வலது கை வேலை. குழுவினர் தங்கும் அறையைக் காலி செய்துவிட்டு, சலவைக்கடைக்கு மேலே ஒரு அறைக்கு வந்துவிட்டேன். புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. நான்கு மணிக்கு அவர்கள் வாசிப்பது கவுண்டருக்கு மெலிதாகக் கேட்கும், தூக்கத்தில் கேட்பதுபோல.

கிட்டாரைப் பியானோக்காரரின் மருமகளுக்குக் கொடுக்கிறேன். நன்றாக வாசிக்கிற பெண். முப்பதாம் தேதி வந்து எடுத்துக்கொள்வாள். சும்மா கிடந்து தூசி படிவதைவிட அது மேல். நீ வருத்தப்படக் கூடாது.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

கிட்டாரைக் கொடுக்காதே. உன் கிட்டாரில் இருப்பது நீ கேட்ட கம்பி இல்லை.

ஒன்றரை மில்லிமீட்டர் கம்பிதான் வாங்கினேன், அதைத்தான் பதித்தேன். அன்று சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ கூடத்தில் பாதியில் எழுந்துபோன முதுகுதான் கண்ணில் நின்றது. சூடு கண்ட பூனை நான். யாரோ சொல்லக் கேட்டு ஆசைப்படுகிறாள், மேனேஜர் முன்னால் சுருதி ஏறும், மறுபடி ஒரு வருடம் பேச மாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூன்று நாள் அரம் போட்டு எல்லாவற்றையும் ஒரு மில்லிமீட்டருக்கு இறக்கினேன். உனக்குத் தெரியாது, நன்றாக வாசித்துவிட்டு உயரக் கம்பி பிரமாதம் என்று எழுதுவாய், பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். நீ பலகை தட்டுப்படுகிறது என்று எழுதினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாட்டிக்கொண்டோம் என்ற கூச்சத்தில் இன்னொரு பொய் சொன்னேன், மேலே ஒரு பழமொழியையும் வைத்தேன்.

நீ உன் கையை என் பொய்யை வைத்து அளந்திருக்கிறாய். உன் தீர்ப்பு செல்லாது அக்கா. உயரக் கம்பியில் நீ இன்னும் வாசித்துப் பார்க்கவே இல்லை.

அந்த மெருகைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஊரார் கிட்டாரில் விரல் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். என் அக்கா கிட்டாரில் மட்டும் கண் அவிந்துவிட்டது.

சனிக்கிழமை வண்டியில் கிளம்புகிறேன். கம்பியும் அரமும் கையோடு கொண்டுவருகிறேன். இந்தக் கடிதம் முந்துகிறதா, நத்தை முந்துகிறதா பார்ப்போம்.

தம்பி


நவம்பர் 11

என் நத்தைக்கு,

நீ போய்ச் சேர்ந்தது பற்றி டீச்சரம்மா எழுதிய அட்டை வந்தது. நானும் சலவைக்கடை ஆவியும் சுகம்.

உன் அக்டோபர் பதினான்காம் தேதிக் கடிதம் முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. பதற்றத்தில் பழைய விலாசத்தை எழுதியிருக்கிறாய். காலி அறையின் தபால் பெட்டியில் மூன்று வாரம் கிடந்திருக்கிறது. குழுவின் டிரம்ஸ்காரர் எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தார்.

ஆக, நீ வந்தபோது நான் அதைப் படித்திருக்கவில்லை. நினைத்துப் பார். சாவிக் கவுண்டரில் குனிந்துகொண்டே, “எந்த அறை?” என்று கேட்கிறேன். எதிரே நீ. “கிட்டார் எங்கக்கா? குடுத்துட்டியா?” என்றாய். இன்னும் இல்லை என்றதும் அத்தனை பேர் நடமாடும் கூடத்தில் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாய். என் கையைப் பார்க்க ஓடிவந்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். பிறகு இரண்டு நாள் என் சாப்பாட்டு மேசையில் தலை நிமிராமல் வேலை செய்தாய். போட்டு நான்கு மாதம்கூட ஆகாத கம்பியை எதற்குப் பிடுங்குகிறான் என்று தோன்றியது. சும்மா இருக்கத் தெரியாதவன், ஏதாவது செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், “கடுதாசி படிச்சியாக்கா?” என்று கேட்டாய். நீ செப்டம்பரில் எழுதிய மூன்றைச் சொல்கிறாய் என்று நினைத்து, “படிச்சேன்” என்றேன். “கோபமா?” என்றாய். “இல்லடா” என்றேன். நீ திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அரத்தை எடுத்தாய்.

அந்த “இல்லடா”வைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபம்தான். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தட்டு ஒன்றைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அரை மில்லிமீட்டரில் என் பதினாறு வருடத்தை அராவித் தள்ளியிருக்கிறாய். நேரில் தெரிந்திருந்தால் உன் அரத்தாலேயே உன்னை அடித்திருப்பேன்.

அடுத்த நாள் ஆற அமர யோசித்தேன். கை இப்படி என்று ஜூன் மாதமே ஒரு வரி எழுதியிருந்தால், நீ அரத்தைத் தொட்டிருக்க மாட்டாய். கேள்வி கேட்காதே என்று கட்டளை போட்டவள் நான். ஆகவே அந்த அரை மில்லிமீட்டரில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. என் பங்குக்கு நான் அழுது தீர்த்துவிட்டேன். உன் பங்குக்குத் தட்டு வாங்கி அனுப்பு.

இப்போது நீ கேட்க நினைக்கிற விஷயம். நீ போன பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டாரைத் தொடவில்லை. மறுபடி ஒரு தீர்ப்பு வேண்டாம் என்று பயம். போன ஞாயிற்றுக்கிழமை காலை, சலவைக்கடை மூடியிருந்தது, ஏரிப் பக்கம் ஒரே வெள்ளை. சும்மா மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்காட்டி விரலையும் நடு விரலையும் வைத்து ஒரு தந்தியைச் சாய்த்தேன். கீழே மரம் வரும், வரும் என்று விரல் காத்திருந்தது. வரவே இல்லை. அதற்கு முன்பே ஸ்வரம் வந்துவிட்டது, ஒரு பொட்டுக்கூட ஏறாமல், அது பாட்டுக்கு அறையில் நின்றது. என் சுத்தியல் போய்விட்டது தம்பி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நீ ஆசைப்பட்ட கை இப்போதுதான் எனக்கு வந்திருக்கிறது. மோதிர விரல் பாதி நாள் வருகிறது. சின்ன விரல் வேடிக்கை பார்க்கிறது, பார்க்கட்டும்.

நாற்காலி திரும்பி வராது. நான்கு பேரோடு அவர்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் பியானோக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணிக்கு அவரும் நானும் மட்டும் ஒரு மணி நேரம் மெல்ல வாசிக்கலாமா என்று கேட்டார். மேனேஜர் தலையாட்டிவிட்டார். வருகிற ஞாயிறு முதல் தடவை. மருமகள் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவள் கேட்க வருகிறேன் என்றாள்.

ஒன்று மட்டும் எழுத விட்டுப்போயிற்று. ஸ்டேஷனில் வண்டி கிளம்பும் நேரம், குளிர்கிறது என்று நான் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ படியிலிருந்து இறங்கிவந்து, மேலிருந்து கீழே ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாய். இந்த ஒன்றுக்குப் பயந்துதான் இத்தனை மாதம் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லையடா. வீடு வரை கதகதப்பாக இருந்தது.

உன் அக்கா